மூன்றாவது குப்பி

ரீகாவில் பனி. மேசைமேல் இரண்டு குப்பி.
இரண்டிலும் போரான் நைட்ரைடு, ஒரே வெள்ளை.
ஒன்று தொள்ளாயிரம் டிகிரியில்
இரவெல்லாம் உலைக்குள் கிடந்த தூள்.
எது அது என்று எழுதிய சீட்டு
பசை விட்டு எங்கோ விழுந்துவிட்டது.

விளக்கை அணைத்தாள் விஸ்மா.
புற ஊதாவில் முதலில் ஒளிர்ந்தது
இல்க்வார்ஸின் சட்டைக் காலர்:
சலவைத்தூள் நீலம்.
"கழற்று. அளவு கெடுகிறது."

இருட்டு பழகப் பழக
இடக் குப்பியில் கசிந்தது ஒரு நீலம்,
நைட்ரஜன் விட்டுப்போன இடங்களில்
எலக்ட்ரான்கள் இடறுகிற நீலம்.
வலது, அதில் பாதிகூட இல்லை.

"மங்கியதுதான் வெந்தது. நெருப்பு தின்றிருக்கும்."
"நெருப்பு கொடுத்திருந்தால்?"

விடியும்வரை வாக்குவாதம்.
வெற்றுடம்போடு உலையருகே குளிர்காய்ந்தவன்
புதுக் குப்பி ஒன்றை நீட்டினான்.
எண்ணை இம்முறை
கண்ணாடியிலேயே கீறினாள்.