ஏழாவது பொருள்

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்
இரவு பதினொன்று நாற்பதுக்கு டேப்லெட்டில் வந்து இறங்கின.
காலை பத்துக்குக் கூட்டம்.
பெங்களூரு, பீன்யா இரண்டாம் கட்டம்,
வால்வு செய்கிற கம்பெனி, மூன்றாவது மாடி.
முந்திரி, தண்ணீர் பாட்டில்,
ஒவ்வொருவர் முன்னும் கூர் சீவிய,
யாரும் தொடாத பென்சில்.

முதல் ஆறு பொருள்களுக்கு மூன்று மணி நேரம்.
படிவங்கள், கையெழுத்துகள்,
தாமதமான தாக்கல் ஒன்றுக்கு அபராதம்.
ஏழாவது பொருள்: துமகூரில் புது ஆலை,
இருநூற்று அறுபது கோடி.
அதற்குப் பதினைந்து நிமிடம்.
சாப்பாடு ஆறுகிறது என்று
தலைவர் பெள்ளியப்பா இரண்டு முறை கடிகாரம் பார்த்தார்.

கண்காணிப்பு என்று யார் சொன்னாலும்
என் காதில் கங்காணி என்றுதான் விழும்.
கூடையை நிறுத்துப் பார்த்தவன்.
செடியைக் குனிந்து பார்த்தானா, தெரியாது.
நாலு வருடமாக
நானும் கூடையைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

போர்டு ஆக்ஸிலரேட்டராக இருக்க வேண்டும்,
பிரேக்காக அல்ல, என்றார் ஸராஃப்,
முதலீட்டாளர்களின் ஆள்.
காலையில் மேம்பாலத்தில்
சிமெண்ட் லாரிக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றேன்.
இரண்டு மிதியும் டிரைவர் காலடியில்தான் இருந்தன.

பக்கம் இருநூற்று எண்பத்தேழு, அடிக்குறிப்பு:
அழுத்தச் சோதனைக் கூடத்தில்
இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆளில்லை, எட்டு மாதமாக.
போன கூட்டத்தில் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’.
அதற்கு முந்தியதிலும்.

கேட்டேன்:
துமகூரில் யார் சோதிப்பார்கள்?

ஏ.சி. சத்தம் மட்டும்.
அது நாலாவது பொருள் மேடம், முடிந்துவிட்டது,
என்றார் மினிட்ஸ் எழுதும் ஷாலினி பட்.
இல்லை, இது ஏழாவதுதான்,
என்றார் எம்.டி. கீர்த்தி பல்லால்.
பென்சிலை எடுத்தார்.
சோதிக்கத் தெரிந்தவர்கள் பதினோரு பேர்,
ஆறு பேர் ஓசூருக்குப் போய்விட்டார்கள் என்று
கதவைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம்தான் பேச ஆரம்பித்தோம்.
எந்த வால்வு நாளை யாருக்கு வேண்டும்,
எவ்வளவு பொறுக்கலாம், யாரை அழைத்து வரலாம்.
ஸராஃப் நல்ல கேள்வி இரண்டு கேட்டார்,
எனக்குத் தோன்றாதவை.
நாலரைக்கு ஆறிப்போன பிஸிபேளே பாத்.
நிலம் வாங்கலாம், ஆட்களைப் பழக்க முதல் தவணை,
மீதி நவம்பரில்.
அதற்குள் விலை ஏறினால்
என் தலையில்தான் விடியும்.

இரவு வரைவு வந்தது:
‘ஏழாவது பொருள் விரிவாக விவாதிக்கப்பட்டது.’
அந்தப் பதினோரு பேர் அதில் இல்லை.
சேர்த்து அனுப்பினேன்.

கைப்பையில் சாவி தேடினால்
விரலில் குத்துகிறது
கம்பெனிப் பென்சில்.