ஏழாவது பாட்டு

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கினதும் நின்றது வண்டி.
முன்னால் எத்தனை கன்டெய்னர் என்று எண்ணுவதை
எப்போதோ விட்டுவிட்டேன்.
காசிமேடு வரைக்கும் மூன்று ஆல்பம்,
மழை என்றால் ஐந்து.
எங்கள் ரோட்டுக்கு மைல்கல் அப்படித்தான்.

அதனால் சொல்கிறேன்,
பாட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்கிறவனை
நான் நம்புவதில்லை.
நடுவில் ஒரு மொக்கைப் பாட்டு இருக்கும்,
இருக்கட்டும்.
அடுத்து வருவதற்கு அதுதான் வாசல்.

பெரம்பூர் டெஸ்மண்ட் கொடுத்த ஜாஸ்
முதலில் ஒன்றும் ஏறவில்லை.
டீசல் குடித்த எலி மாதிரி விரல் ஓடுகிறது, அவ்வளவுதான்.
ஒரு ராத்திரி, உரக் கம்பெனி வாடை கண்ணைக் கரிக்க,
டிரம்ஸ்காரன் ஓய்ந்துபோய்
பியானோ மட்டும் ஒற்றை விரலால்
இருட்டில் சாவித் துவாரத்தைத் தடவியது.
அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

பனி விழுகிற ஏதோ ஊர்க்காரர்களின் மெட்டல்,
கிளீனர் யோபுவுக்கு உயிர்.
எனக்கு அது கிரேன் நழுவவிட்ட காலிப் பெட்டி.
ஆனால் நழுவின பிறகு ஒரு நொடி
யார்டே பேச்சற்று நிற்குமே,
அதையும் சேர்த்துத்தான் வாசிக்கிறான்கள்.
பத்துக்கு ஆறு.
யோபு ஒன்பது கேட்கிறான்.

நாகஸ்வரத்தை எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்கணும்.
ஓடுகிற வண்டியில் தோடி போடுகிறவன்
சோற்றை நடந்துகொண்டே தின்கிறவன்.

ஸ்டுடியோவில் பாடின கானா எனக்கு ஆகாது,
பவுடர் பூசின வஞ்சிரம்.
புளியந்தோப்பில் சாவு வீட்டு ராத்திரி
யாரோ போனில் பிடித்தது ஒன்று இருக்கிறது:
பாடுகிறவன் தொண்டை உடையும் இடத்தில்
பின்னால் ஒருத்தன் கேட்கிறான்,
"தண்ணி பாக்கெட்டு எங்கடா?"
அந்தக் குரலை எடுத்துவிட்டால்
மொத்தமும் பொய்.

கடைசியாக, பெயரில்லாத ஒன்று.
பழைய டிரைவர் சீட்டுக்கடியில் விட்டுப்போன பென்டிரைவ்.
ஒரு பெண், பதினோரு பாட்டு,
தெலுங்கா கன்னடமா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு.
ஏழாவது பாதியில் அறுந்துவிடும்.
மூச்சை இழுப்பாள்.
அவ்வளவுதான். எட்டாவது.

நாலு வருஷம் அந்த மூச்சு வரைக்கும் போய்த் திரும்பினேன்.
அதற்குப் பிறகு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று
எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே
நானே நூறு வரி போட்டுப் பார்த்தேன்.

போன மாசம் டோல்கேட் டீக்கடையில்
அது முழுசாக ஓடியது.
மூச்சுக்கு அப்புறம் வயலின் கும்பல் ஒன்று வந்து
சுவருக்கு வெள்ளையடிப்பது போல
எல்லாவற்றையும் மெழுகிவிட்டுப் போனது.
பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

"அண்ணே, அதான் ஒரிஜினலு" என்றான் யோபு.
இருக்கலாம்.
என் வண்டியில் அறுந்ததுதான் முழுசு.
பத்துக்குப் பத்து.

இதோ முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைகிறது.
பின்னாலிருப்பவன் ஹாரனில் கையை வைத்து அழுத்துகிறான்.
இருப்பா,
ஏழாவது ஓடுது.
மூச்சை இழுக்கட்டும்.