இந்தியத் தொடர்புக்கு

கடைசிப் பக்கத்தின் அடியில்,
பிரான்சு, நோர்வே, கனடா முகவரிகளுக்கும் கீழே
எங்கள் வீடு இருந்தது:
க. எத்திராஜ், 14/3, மேட்டுத் தெரு,
கொறுக்குப்பேட்டை, சென்னை-21.
அந்த வல்லின 'று' பிழை.
பதினோரு இதழிலும் திருந்தவில்லை.

உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு
இரவு இரண்டு மணிக்குத்தான் தட்டச்சு செய்கிறோம் தோழர்,
என்று ஷ்டுட்கார்ட்டிலிருந்து குணநாயகம் எழுதுவார்.
அவர்கள் பொறியில் 'ழ' உடைந்துவிட்டது.
உழைப்பு, விழிப்பு, எழுச்சி
எல்லாவற்றின் நடுவிலும்
யாரோ பேனாவால் போட்ட ஓர் எழுத்து.

எத்திராஜுக்கு மணலியில் நைட் ஷிப்ட்.
உறையைக் கிழிப்பது நான்.
தலையங்கத்தைத் தாண்டிவிடுவேன்.
சறோ என்று ஒருத்தி தொடர் எழுதினாள்:
அகதி விடுதி, ஆறு பெண்கள், ஒரு கெண்டி,
யார் முதலில் தண்ணி சுடவைப்பது என்று சண்டை.
எங்கள் தெருக் குழாயடியை
அவள் எப்போது பார்த்தாள்?

எங்கள் ஆலை மறியலை நாலு பக்கம் போட்டார்கள்.
அடிபட்டவன் பெயரை
அவன் நன்மைக்காக மாற்றிப் போட்டார்கள்.
மாற்றிய பெயரில்
அடுத்த சந்தில் பால் பூத் வைத்திருந்தார் ஒருவர்.
போலீஸ் அவரைத்தான் முதலில் கூட்டிப்போனது.
மூன்று நாள் கழித்து வந்தார்.
அப்புறம் எங்களுக்குப் பால் கடன் இல்லை.

பன்னிரண்டாவது இதழ் இரண்டாக வந்தது.
'மறுதுறை', 'புதிய மறுதுறை'.
ஒரே வாரம், ஒரே தபால்காரர்,
கேட் போட்டு கூட்ஸ் போகும்வரை
இரண்டையும் கக்கத்தில் வைத்து நின்றிருக்கிறார்.
இதில் அவர்கள் திரிபுவாதிகள்.
அதில் இவர்கள் கலைப்புவாதிகள்.
இரண்டிலும் கடைசிப் பக்கத்தில்
எங்கள் வீடு.

எத்திராஜ் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, "'ழ'வைப் பாரு" என்றார்.
இரண்டிலும் அதே கை.

கியூ பிராஞ்சிலிருந்து வந்த வேதகிரி
செருப்பை வாசலில் விட்டுத்தான் வருவார்.
இதழ்களை எடுத்துக்கொண்டு
ரசீது எழுதிக் கொடுப்பார்.
"நீங்க எந்தப் பக்கம்?"
"வீடு ஒண்ணுதானே சார்" என்றேன்.

இரண்டும் நின்று ஒரு வருஷம் இருக்கும்.
மழைத் தண்ணி முட்டிவரை நின்ற ஒரு நாள்
பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்தார் வேதகிரி.
ஏதும் வரலை சார், என்று முந்திக்கொண்டேன்.
தெரியும், தெரியும் என்றவர்
போகாமல் நின்றார்.

"அந்த ஆறு பொம்பளைங்க...
விசா கெடச்சுதாம்மா யாருக்காவது?"

தொடரும் என்றுதான்
போட்டிருந்தது.