நம்பு என்று மூன்று எண்கள்

தீவில் நம்புநாயகிக்கு நேர்ந்து பிறந்தவர்கள் அதிகம்.
எங்கள் ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர் நம்பு.
கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் நம்பு.
தாய்மாமன் மகன் ஒருவன் நம்புசேகரன்,
அவனிடம் கொடுத்த ஏழாயிரம் இன்னும் வரவில்லை.
ஆகவே பெயரை வைத்து
நான் எதையும் முடிவு செய்வதில்லை.

வீடு வாங்க இறங்கியபோது போனில் பதிந்துகொண்டேன்:
நம்பு வெள்ளைக் கார்.
நம்பு பஸ் ஸ்டாண்ட்.
நம்பு டீக்கடை.

வெள்ளைக் கார் ஏசி போட்டு அழைத்துப் போனார்.
குந்துகால் பக்கம் மனைகள்.
மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களின் மேல் காக்கைகள்.
"இங்க சூரியன் உதிக்கும் மேடம், அங்க மறையும்" என்றார்,
அதை அவரே ஏற்பாடு செய்ததுபோல.
கிணறு எங்கே என்றேன்.
"தண்ணி லாரி டெய்லி வரும்."
வீட்டுக்கு வந்து செருப்பைத் தட்டினேன்.
வெள்ளையாக உதிர்ந்தது உப்பு.

பஸ் ஸ்டாண்ட் நம்பு அவசரக்காரர்.
"ராம்நாட்டிலேர்ந்து ஒரு பார்ட்டி வந்துக்கிட்டு இருக்கு,
டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போட்டுருங்க."
மூன்று வீடு பார்த்தோம்,
மூன்றுக்கும் அதே பார்ட்டி வந்துகொண்டிருந்தது.
பாலத்தைத் தூக்கியிருந்தார்களோ என்னவோ
கடைசிவரை வந்து சேரவில்லை.

டீக்கடை நம்புவுக்குக் கார் இல்லை.
வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்
சம்பளம் எவ்வளவு, அடகில் நகை எவ்வளவு,
அம்மா முழங்கால் எப்படி, படி ஏறுவாங்களா என்றார்.
உங்களுக்கு எதுக்கு அதெல்லாம் என்றேன்.
"வர்றப்ப காலி பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அக்காள்மடத்தில் ஓர் ஓட்டு வீடு.
வேப்பமர நிழல். கைக்கு எட்டும் விலை.
என் மனசு அதற்குள் ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டது.
அவர் மூலப்பத்திரத்தை வெயிலில் பிடித்துப் படித்தார்.
"அஞ்சு பொம்பளப் பிள்ளைக. கையெழுத்து நாலுதான் இருக்கு.
அஞ்சாவது, தலைமன்னாருக்குக் கப்பல் ஓடின காலத்துல
கட்டிக்குடுத்துப் போன பிள்ளை.
இருக்கோ இல்லையோ. அதுக்குப் பிள்ளைக இருக்கோ.
இது வேணாம்."
கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது ஒரு கையெழுத்து.
அது வந்து சேராமல் இங்கே பால் காய்ச்ச முடியாது.

அன்றிரவு சந்தேகப்பட்டேன்.
வேண்டாம் என்பதும் ஒரு வியாபாரமாக இருக்கலாம்.
ஒன்றைத் தள்ளிவிட்டு
அடுத்ததை விலையேற்றி நீட்டலாம்.
கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு
வாய்த்த தூக்கம் இவ்வளவுதான்.

அடுத்த வீட்டை, வாடை அடிக்கட்டும், அப்புறம் காட்டுறேன் என்றார்.
இரண்டு மாதம் இழுத்தது.
ஐந்து நாள் மழை விட்ட மறுநாள் கூப்பிட்டார்.
பக்கத்து வாசலில் வலைச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம்
"போன புயலுக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு தாயி?"
அவள் எழுந்து
கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே சேலையைத் தூக்கிக் காட்டினாள்.
அவருக்கு அது போதுமாயிருந்தது.
கிணற்றில் இறைத்து என் பாட்டிலில் ஊற்றிக் குடிக்கச் சொன்னார்.
நீங்க குடிக்கலையா?
"குடியிருக்கப் போறது நீங்கதானே."

பத்திரம் பதிந்த அன்று
ரெண்டு பர்சென்ட்டில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
எச்சில் தொட்டு எண்ணினார்.
ஐநூறு ஒன்று ஓரம் கிழிந்திருக்கிறதென்று
மாற்றி வாங்கிக்கொண்டு போனார்.

குடிவந்த நாலாம் நாள்
வடக்குச் சுவரில் விரிசல் பார்த்தேன், என் முழ அளவுக்கு.
போன் செய்து கத்தினேன்.
டீ ஆற்றும் சத்தம் கேட்டது.
"சொன்னேனே. மொட்டை மாடியில நின்னப்ப.
நீங்க கடலப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

இருந்திருப்பேன்.

இப்போது படுத்தபடி விரிசலைப் பார்க்கிறேன்.
இந்த அறை ஜன்னலில் கடல் தெரியாது.
அதை அவர் சொன்னது மட்டும்
நன்றாக நினைவிருக்கிறது.