யார் கணக்கு

பாகூருக்குத் தெற்கே ஒரு வாய்க்கால்.
இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை கடலூர்.
நடுவில் பத்தடித் தண்ணீர்,
அதிலும் பாதி ஆகாயத்தாமரை.

வண்ணத்துப்பூச்சிக்கு எல்லை தெரியாது என்று
மைக் பிடிக்கிறவர்கள் சொல்வார்கள்.
தெரியும்.
போன ஐப்பசியில் நானே பார்த்தேன்.
என் கரையை நான்தான் வெட்டியிருந்தேன்,
தோளில் மெஷின், காதில் பஞ்சு,
மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி.
கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு, எருக்கு
எல்லாம் எரிந்து சாம்பலும் ஆறிவிட்டது.
மேற்கே மலைக்குத் திரும்பும் கூட்டம் வந்தது,
கருப்பில் நீலக் கீற்று, ஆயிரமோ என்னவோ.
என் பக்கம் ஒன்றுகூட இறங்கவில்லை.
சர்வேயர் சங்கிலி பிடித்ததுபோல்
அந்தக் கரையோடு நின்றுகொண்டன.

எதிரே அஞ்சலாட்சி, நூறுநாள் வேலை மேற்பார்வை.
கையைத் தட்டிக் கூப்பிட்டாள்:
"இன்னா அமலோரு, உங்க ஊர்ல
சரக்கு மலிவு, பூவுக்குப் பஞ்சமா?"
நான் சிரிப்பதற்குள் அவளே,
"எங்களுக்கும் திங்கக்கிழமை வெட்டணும்னு ஆர்டரு."

திங்கள்கிழமை அவள் வெட்டவில்லை.
பாம்பு இருக்கிறது என்று ஓவர்சியரிடம் சொன்னாள்.
பாம்பும் இருந்தது.

இந்த வருஷம் என் மெஷினுக்கு ரிப்பேர்.
லாஸ்பேட்டையிலிருந்து வரும் கல்லூரிப் பெண் ரெஜினா
இரண்டு அரசாங்கத்துக்கும் எழுதிப்போட்டாள்.
அவர்களைக் கேளுங்கள் என்று இவர்களும்
இவர்களைக் கேளுங்கள் என்று அவர்களும்
ஒரே வாரத்தில் பதில் போட்டார்கள்.
அவளிடம் நாங்கள் கற்றது ஒன்று:
ஒடிந்து காய்ந்த கிலுகிலுப்பையில்தான்
ஆண்பூச்சிகளுக்கு விருந்தாம்.
வெட்டு, ஆனால் எரிக்காதே.
பீடிக்கட்டுத் தாளில் தேதி குறித்துக்கொண்டோம்,
ஒரு கரை வெட்டினால் மறுகரை விடுவது.
அதற்கு முத்திரை கிடையாது.

கூட்டம் எங்களைத் தாண்டிய அன்று
கல்வராயன் மலைக்குப் போன் போட்டேன்.
கரியாலூரில் சின்னப்பையன், தேனெடுக்கிறவர்,
பெயர்தான் அது, வயது ஐம்பத்தெட்டு.
நாலாம் நாள் அவரே கூப்பிட்டார்:
"வந்துருச்சுங்க. சிலதுக்கு றெக்கை கிழிஞ்சிருக்கு."
பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து
தகவல் வந்ததுபோல் இருந்தது.

பின்தங்கியவை இன்னும் வருகின்றன.
நாலரை மணிக்கு எண்ணுகிறோம்.
என் கரையில் முப்பத்தொன்று.
அவள் கரையில் நாற்பது என்கிறாள்.
தண்ணீருக்கு மேலே காற்றில் தள்ளாடும்
அந்த ஆறேழு யார் கணக்கு?
மழை இறங்கிவிட்டது, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு
இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள்.
விட்டுக்கொடுப்பதாக இல்லை.
நானும்தான்.