இல்லாத அட்டை

இரவு ஒன்றே கால்.
அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மாடி.
ஏசி போடும் இரைச்சலில்
என் கொட்டாவி எனக்கே கேட்கவில்லை.
ராயபுரம் லேபிலிருந்து ரஹ்மத்துன்னிசா:
"ரத்தம் எடுத்தாச்சு மேடம், மெஷினும் எண்ணிடுச்சு,
ரிப்போர்ட்தான் போக மாட்டேங்குது.
பிளேட்லெட் எவ்வளவுன்னு கேட்டு
ஆஸ்பத்திரியிலேர்ந்து மூணு போன்."

அவர்களுடைய சர்வரை நேற்று மாலைதான்
பழைய பெட்டியிலிருந்து பெயர்த்து
எங்கள் பெரிய பெட்டிக்குள் குடிவைத்தோம்.
குடிவைத்தோம் என்பதும் பேச்சுக்குத்தான்.
இரும்பில்லை, விசிறியில்லை,
ஒரு கோப்பு
தன்னைக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கிறது.
அந்த நம்பிக்கை கெடாமல்
ராத்திரி பகலாகப் பொய் சொல்வதற்கு
எனக்குச் சம்பளம்.

பிங் அடித்தேன்.
போனது நான்கு, வந்தது சுழியம்.
மறுபடியும் நான்கு. சுழியம்.
கிணற்றில் போட்ட கல்கூட
ளொபக்கென்று ஒரு வார்த்தை சொல்லும்.

கேபிளைப் பிடுங்கிச் செருகலாம் என்றால்
கேபிளே கிடையாது.
'இணைக்கப்பட்டது' என்றொரு சின்னக் கட்டம்,
அதிலொரு டிக்.
எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்,
கொசு மெஷின் சுவிட்சைப் போல.

சாதனப் பட்டியலில் மஞ்சள் முக்கோணம்.
டிரைவர் இல்லையாம்.
வலையிலிருந்து இறக்கிக்கொள்ளச் சொல்கிறது.
வலை வர டிரைவர் வேண்டும்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

இல்லாத தட்டைத் திறந்து
இல்லாத குறுந்தகட்டை வைத்து
இல்லாத கையால் மூடினேன்.
முக்கோணம் போய்விட்டது.
அப்பாடா என்று முகவரியைத் தட்டினால்,

'இந்த முகவரி வேறொரு அட்டைக்குச் சொந்தம்.
அந்த அட்டை இந்தக் கணினியில் இப்போது இல்லை.'

சிரித்துவிட்டேன், தனியாக, சத்தமாகவே.
கொளத்தூரில் நான் இருக்கும் வீட்டுக்கு
வரதராஜுலு என்பவர் பெயரில்
மாதம் தவறாமல் இன்ஷூரன்ஸ் கடிதம் வரும்.
அவர் யாரென்று வீட்டுக்காரருக்கே தெரியாது.
கரண்ட் பில் கட்டுவது நான்,
ரசீதில் இருப்பது அவர்.
என் ஆதாரோ இன்னும் பழவந்தாங்கலில்,
இரண்டாவது மாடியில்,
கேர் ஆஃப் என்று தொடங்கி ஒரு பெயர்.
நாலு வருஷம் ஆகிறது.

ஒரு வரிக் கட்டளை உண்டு,
இல்லாத சாதனங்களையும் காட்டென்று கேட்பதற்கு.
கேட்டேன்.
மங்கிய சாம்பல் நிறத்தில் வந்து நின்றது
பழைய அட்டை.
அதன் உடம்பு ராயபுரத்தில்
மேசைக்கடியில் மிக்சர் டப்பாவோடு கிடக்கிறது.
முகவரியை மட்டும்
முந்தானைபோல் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

வலது சொடுக்கு. நீக்கு.
'நிச்சயமாகவா?'
கேட்க வேண்டிய கேள்விதான்.
என்னிடம் நீதிபதியும் இரண்டு முறை கேட்டார்.

ஆம்.

பிங்.
முதல் பொட்டலம் தொலைந்தது, அது வழக்கம்.
இரண்டாவது ஒரு மில்லிசெகண்டில் திரும்பியது.
மூன்றாவதும்.

"போயிடுச்சு மேடம்!"
"எவ்வளவு?"
"எது?"
"பிளேட்லெட்."
"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது மேடம்"
என்று வைத்துவிட்டாள்.

டிக்கெட்டை மூடினேன்.
காரணம்: பழைய அட்டை. தீர்வு: நீக்கப்பட்டது.
மூன்றரைக்கு மெஷின் காபி,
காகிதக் கோப்பையில் பாதிதான் விழுந்தது.
தூக்கம் போயிருந்தது.
ஆதார் பக்கத்தைத் திறந்து
முகவரி மாற்றம் என்பதை அழுத்தினேன்.
பதிவு செய்த எண்ணுக்கு
ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொன்னது.
எந்த எண்ணென்று முழுசாகக் காட்டவில்லை,
கடைசி நான்கு இலக்கம் மட்டும்.

மற்ற ஆறும் எனக்கு மனப்பாடம்.
அந்த போன் இந்நேரம்
பழவந்தாங்கலில், யார் தலைமாட்டிலோ,
ஒருமுறை அதிர்ந்து அடங்கியிருக்கும்.