முப்பதாவது மீட்டர்

பள்ளத்தூர் டவர், நாற்பத்தைந்து மீட்டர்.
ஒரு கொக்கி மாட்டி, மறு கொக்கி கழற்றி,
என்னை நானே பூட்டிக்கொண்டு போகிற வேலை.

பத்தில் வேப்பமரம் முடியும்.
பதினெட்டில் வீடுகளின் நடுமுற்றங்கள் தெரியும்.
கீழே நின்றால் கோட்டைச் சுவர்;
இங்கிருந்து அத்தனையும்
மூடி தொலைந்த பெட்டி.
ஒன்றில் மிளகாய் காய்கிறது.
ஒன்றில் யாரோ ஒருத்தி தலை உலர்த்துகிறாள்,
நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இருபதில் வழக்கமாக அது வரும்.
முதலில் இடது முழங்கால். பிறகு நாக்கில்
பழைய சாவியைச் சப்பியது போல் ஒரு ருசி.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி
கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

இன்று வரவில்லை.
இருபத்தைந்து. வரவில்லை.
செட்டிநாடு ஸ்டேஷனைத் தாண்டி
ஒரு ரயில் சத்தமில்லாமல் போனது.
போன் பேசிக்கொண்டே ஏறலாம் போலிருந்தது.
முப்பதில் குனிந்து பார்த்தால்
இரண்டு கொக்கியும் இடுப்பில் தொங்குகின்றன.
எத்தனை கம்பி இப்படி ஏறினேன், தெரியாது.

புதுவயலில் வைரவன் விழுந்த அன்று
அவன் கொக்கியைப் போலீஸ் மேசையில் வைத்திருந்தார்கள்.
பதினோரு வருஷ சர்வீஸ்.
அதில் ஒரு கீறல் இல்லை,
அன்றைக்குத்தான் கடையில் வாங்கின மாதிரி.

மாட்டினேன். இறங்கினேன்.
"என்னய்யா, காத்தா?" என்றார் அழகுமணி சார்.
"ஆமா சார். காத்து."
அசையாத வேப்பங்கிளையை
அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
டீ சொன்னார்.

டம்ளரைப் பிடித்தபோது
கை நடுங்கத் தொடங்கியது.
வா, என்றேன் அதனிடம்.
குடித்துவிட்டு ஏறலாம்.